வண்டிக்கும் பேதி மருந்து தேவையா?

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் வரிசையாக உட்கார வைத்து விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். வயிற்றில் கோளாறு உண்டா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. "குடல் சுத்தமாகட்டும்" என்று மூக்கைப் பிடித்து ஊற்றிவிடுவார்கள். நோய் இல்லாத குழந்தைக்கு மருந்து எதற்கு என்று இன்றைய குழந்தை வைத்தியர்கள் கேட்கிறார்கள். அந்தப் பழக்கமும் அநேகமாக மறைந்துவிட்டது. ஆனால் பாருங்கள், அதே வைத்தியம் இப்போது நம் வண்டிகளுக்கு வந்திருக்கிறது!

ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கினால் தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள்தான். அதற்கு முன்னால் காரையும் ஸ்கூட்டரையும் சர்வீசுக்கு விடுகிறோம். மெக்கானிக் தம்பி சொல்வார்: "அக்கா, உள்ள கரி புடிச்சிருக்கு. கெமிக்கல் போட்டு கிளீன் பண்ணிட்டா வண்டி புதுசு மாதிரி இழுக்கும். போட்ருவமா?"

"சரி தம்பி, போடுங்க" என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். என்ன கரி, என்ன கெமிக்கல், மிச்சம் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. வீண் செலவு ஒருபுறம் இருக்கட்டும். பாதி தீர்ந்த டப்பா வீட்டு அலமாரிக்கு வந்து சேருகிறதே, அதுதான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டிய விஷயம்.

கரி எப்படிப் பிடிக்கிறது?

மண்ணெண்ணெய் விளக்கில் திரியை அளவுக்கு மேல் ஏற்றினால் சிம்னி கறுத்துவிடும் அல்லவா? எண்ணெய் அதிகம், காற்று போதாது. அதனால் முழுவதும் எரியாமல் கரியாகப் படிகிறது. என்ஜினுக்குள் நடப்பதும் இதேதான். பெட்ரோல் சரியான அளவு காற்றோடு கலந்து எரிந்தால் கரி குறைவு. ஏர் ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்றுக் குறைந்தால், அல்லது என்ஜின் ஆயில் உள்ளே கசிந்து எரிந்தால், பிஸ்டனின் தலையிலும் வால்வுகளிலும் ஸ்பார்க் பிளக்கிலும் கரி ஏறும்.

இன்னொரு காரணம் நம்முடைய ஓட்டம். வீட்டிலிருந்து காய்கறி மார்க்கெட், அங்கிருந்து பள்ளிக்கூடம், திரும்ப வீடு. என்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறோம். சீசன் நாளில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ஐந்து கிலோமீட்டர் சாலையில் நின்று நின்று ஊர்வதும் அப்படித்தான். அடுப்பு சரியாகப் பற்றுவதற்கு முன் அணைத்து அணைத்து ஏற்றினால் புகைதானே மிஞ்சும்?

அந்த நாள் வண்டி, இந்த நாள் வண்டி

1980-ல் வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டை நினைவிருக்கிறதா? அது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். ஆயிலும் சேர்ந்து எரிவதால் சைலன்சர் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். கழற்றி நெருப்பில் போட்டுச் சுடுவார்கள். காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவைப்பவர்களும் உண்டு. இரும்புச் சைலன்சர் அதைத் தாங்கும், அலுமினியப் பிஸ்டன் தாங்காது. அலுமினியப் பாத்திரத்தில் சோடா பட்டால் கறுத்து அரித்துப் போவதைப் பார்த்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வண்டிகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கரி எடுப்பது அவசியமாகவே இருந்தது. அந்தப் பழக்கந்தான் இன்னும் தொடர்கிறது. ஆனால் காலம் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டோடு நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் வந்தபின் பெட்ரோலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் போய், அளந்து பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் வந்துவிட்டது. எனவே ஒவ்வொரு சர்வீசுக்கும் கரி எடுக்க வேண்டும் என்பது இன்று பொருந்தாது. கம்பெனி தரும் கையேட்டில் சொல்லியிருந்தால் செய்யுங்கள்.

நோய் என்ன என்று முதலில் பாருங்கள்

"இழுவை இல்லை" என்றவுடன் கரி என்று முடிவு கட்டக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது போலத்தான் இது.

நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் என்ஜின் நலம். உலர்ந்த கறுப்புப் பொடி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. ஏர் ஃபில்டரைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் ஆயில் உள்ளே எரிகிறது. கூடவே நீலப்புகையும் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கக்கூடும். தேய்ந்த பாகத்தை எந்தக் கெமிக்கலும் வளர்த்துத் தராது. அதை மாற்றத்தான் வேண்டும்.

மருந்தில் மூன்று வகை

முதல் வகை, பெட்ரோல் டாங்கில் ஊற்றுவது. பாலி ஈதர் அமீன் என்ற பொருள் உள்ளவை இன்ஜெக்டரிலும் வால்விலும் படிந்ததை மெல்ல மெல்லக் கரைக்கும். மூன்றில் சாதுவானது இதுதான். ஆனால் நேரடியாகச் சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் தெளிக்கும் சில புதிய கார்களில், பெட்ரோல் உள்வால்வின் மேல் படுவதே இல்லை. அங்கே டாங்கில் ஊற்றி வால்வைச் சுத்தம் செய்ய முடியாது. டீசல் வண்டிக்கு உரியதைப் பெட்ரோல் வண்டிக்கு ஊற்றவும் கூடாது.

இரண்டாவது, பீச்சி அடிக்கும் ஸ்பிரே. கார்புரேட்டருக்கும், காற்று நுழையும் வாயிலுக்கும் ஆனது. காற்றை அளக்கும் சென்சார் மேல் பட்டால் அது கெட்டுப்போகும். ரப்பர் வாஷர்களும் உப்பிவிடும்.

மூன்றாவது, பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள்ளேயே ஊற்றி ஊறவைப்பது. இது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. திரவத்தை முழுக்க வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்தால், திரவம் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஊறிய மருந்து கீழே ஆயிலிலும் இறங்கிவிடுவதால் உடனே ஆயிலை மாற்ற வேண்டும். "ஆயில் மாத்தினீங்களா தம்பி?" என்று கட்டாயம் கேளுங்கள்.

டப்பாவுக்குள் இருப்பது என்ன?

நிற்க. வண்டியை விட்டு இனி வீட்டுக்கு வருவோம்.

இந்த ஸ்பிரேக்களில் பெரும்பாலும் அசிட்டோன், டொலுவீன், சைலீன், சிலவற்றில் மெத்தனால் இருக்கும். ஆவியை முகர்ந்தால் தலைசுற்றல், தலைவலி, குமட்டல் வரும். தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி வெடிக்கச் செய்யும். மெத்தனால் வயிற்றுக்குள் போனால் கண்பார்வையே போய்விடலாம். டைகுளோரோமீத்தேன் சேர்ந்த ரகங்களும் உண்டு. அது உடலுக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இந்த வேலை நடக்கும் இடத்தில் இருக்கவே கூடாது.

கழன்று வரும் கரியும் சாதுவல்ல. 1775-லேயே லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கிகளைச் சுத்தம் செய்த சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் வந்த புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். பெட்ரோலில் இருக்கும் பென்சீனும் புற்றுநோய் தரக்கூடியதுதான். அதனால் பெட்ரோலில் கை கழுவும் பழக்கம் அறவே கூடாது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினாலே பிசுக்குப் போய்விடும். மெக்கானிக் வீட்டுச் சகோதரிகள் ஒர்க்ஷாப் துணிகளைப் பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும்.

இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். முற்றத்தில் டப்பாவைத் திறந்தால் பூஜை அறை விளக்குவரை போய்ப் பற்றக்கூடும். வெட்டவெளியில்தான் இந்த வேலை நடக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள்! தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு பாட்டில்தான் தெரியும், விஷம் தெரியாது. மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகள் நம் நாட்டில் எத்தனையோ பேர்.

தப்பித் தவறி நேர்ந்துவிட்டால்...

குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், எண்ணெய் எதுவும் புகட்ட வேண்டாம். வாந்தி வரும்போது திரவம் நுரையீரலுக்குள் இறங்கினால் கடுமையான நிமோனியா உண்டாகும். உடனே 108-ஐ அழையுங்கள். டப்பாவையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஆவியில் மயக்கம் வந்தால் முதலில் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு வாருங்கள். உடம்பில் கொட்டினால் நனைந்த துணியைக் களைந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சாக்கடையில் கொட்டலாமா?

கூடாது. குற்றாலத்தில் விழும் தண்ணீர்தான் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியில் கலக்கிறது. நாம் தெருவில் ஊற்றும் பழைய ஆயிலும் கெமிக்கலும் மழைத்தண்ணீரோடு சேர்ந்து அந்த வழியேதான் போகும். மூடியுள்ள டின்னில் சேர்த்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

செலவில்லாத வைத்தியம்

ஏர் ஃபில்டரைக் கையேட்டில் சொன்னபடி சுத்தம் செய்யுங்கள், மாற்றுங்கள். குறித்த கிலோமீட்டரில், குறித்த ரக ஆயிலையே ஊற்றுங்கள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்குக் காத்திருக்கும்போது என்ஜினை அணைத்துவிடுங்கள். சின்னச் சின்ன வேலைகளை ஒரே பயணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருநாளாவது வண்டி நன்றாகச் சூடேறி அரைமணி நேரம் சீராக ஓடட்டும். திருநெல்வேலி ரோட்டில் போனாலும் சரி, புளியரை வழியாக ஆரியங்காவு ஏற்றத்தில் போனாலும் சரி, அந்தச் சூட்டில் லேசான கரி தானாகவே எரிந்து போகும். வேகம் மட்டும் விதிக்குள் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் வண்டி திணறினால், பிளக்கைப் பார்த்துக் கரிதான் என்று உறுதியானால், அப்போது கெமிக்கல் போடச் சொல்லுங்கள். எது, எவ்வளவு, எதற்கு என்று கேட்டுச் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அடிப்பிடித்த பாத்திரத்தை எதைப் போட்டு ஊறவைக்க வேண்டும், எதைப் போட்டால் பாத்திரமே வீணாகும் என்று தெரிந்த கைகளுக்கு என்ஜின் ஒன்றும் புரியாத புதிர் அல்ல.