மாசியில் வந்த சூரியன் ஐப்பசியில் எங்கே?

தாரமங்கலம் கைலாசநாதர் மேல் மாசி 9, 10, 11 மாலைகளில் மட்டும் வெயில் விழுகிறதே, மற்ற நாட்களில் ஏன் இல்லை என்று ராசிபுரம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கெட்டி முதலிகளின் திருப்பணி, யாளி வாயில் உருளும் கல் பந்து, வாலியைக் குறிவைத்து மறைந்து நிற்கும் ராமன் எல்லாம் சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேரே வெயிலுக்கு வருவோம்.

கோயில் மேற்குப் பார்த்தது. சாயும் வெயில் ராஜகோபுர வாசலில் நுழைந்து, ஒவ்வொரு நிலையாகத் தாண்டிக் கருவறையை எட்ட வேண்டும். எல்லா வாசலும் சேர்ந்து விடும் வழி குறுகலானது. சூரியனோ ஒரே இடத்தில் மறைவதில்லை. டிசம்பர் 21 வாக்கில் நேர் மேற்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே மறைகிறது, மார்ச் 20 வாக்கில் நேர் மேற்கே, ஜூனில் வடக்கே.

எங்கள் வீட்டு வேப்பமரத்து ஊஞ்சல் இரு கோடியிலும் தயங்கும், நடுவில் விர்ரென்று கடக்கும். சூரியனும் அப்படித்தான். அயர்லாந்தில் 5,000 ஆண்டுப் பழமையான நியூகிரேஞ்ச் கல்லறை டிசம்பர் கோடியைக் குறிவைத்தது. அங்கே பல நாள் காலை வெளிச்சம் உள்ளே வருகிறது. மாசியிலோ சூரியன் வேகமெடுத்துவிடுகிறது. மூன்று நாளில் தன் அகலத்தைப் போல இரு மடங்கு நகர்ந்துவிடும். பிறகு நிலைக்கல் மறைத்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். ஊஞ்சல் எந்த இடத்தையும் இருமுறை கடக்கும்: போகையில் ஒன்று, திரும்புகையில் ஒன்று. மாசி 9, 10, 11 ஆன பிப்ரவரி 21, 22, 23இல் சூரியன் மறையும் அதே இடத்தில் அக்டோபர் 19, 20, 21இலும் மறைந்தாக வேண்டும். அதாவது ஐப்பசி பிறந்த கையோடு. ஆனால் வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரம் அது. மேற்கே மேகம் கட்டி நின்றால் வெயிலை யார் கண்டார்? மாசி வானமோ துடைத்துவிட்டது போலிருக்கும். ஊர் மாசியைக் கொண்டாடுவதில் வியப்பில்லை.

வெயில் வரும் வழிதான் இந்தக் கட்டடக்கலையின் பாதி. அதை உணராமல் பழங்கோயில் வாசல்களில் தகரக் கொட்டகை போடுகிறோம், பிளக்ஸ் கட்டுகிறோம், கருவறைக்குள் டியூப்லைட் மாட்டுகிறோம். ‘அதிசயம்’ என்று செல்போனில் படம்பிடிப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை மொட்டை மாடியில் நிறுத்தி, சூரியன் மறையும் இடத்தை வாரம் ஒருமுறை குறிக்கச் சொல்லலாம். காசு செலவில்லாத பாடம். ராசிபுரம் வாசகரும் இந்த ஐப்பசியில் மழை விட்ட மாலை வாய்த்தால் தாரமங்கலம் போய்ப் பார்த்து எழுதட்டும்.