பனி உருக்கும் மின்னோட்டம்: நான் தவறாகச் சொன்ன விடை

ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் உயர்மின் கோபுரங்கள் எங்கள் வகுப்பறைச் சன்னலிலேயே தெரியும். கோடையில் கம்பி தொய்வதைக் காட்டித்தான் வெப்ப விரிவை நடத்துவேன். பத்தாம் வகுப்பில் ஜூல் வெப்ப விதி நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், லடாக்ல கம்பி மேல பனி உறைஞ்சா, கரண்ட் போற சூட்டுல அதுவே உருகிடுமா?"

"உருகிடும்மா" என்று சொல்லிவிட்டேன். மாலையில் கணக்குப் போட்டபோதுதான் என் விடை உறுத்தியது.

கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 0.05 ஓம், மின்னோட்டம் 300 ஆம்பியர் என்று கொள்வோம். ஒரு மீட்டர் கம்பியில் உண்டாகும் வெப்பம் 4.5 வாட் மட்டுமே. அந்த மீட்டரில் ஒரு கிலோ பனி இருந்தால், அதை உருக்க 3,34,000 ஜூல் வேண்டும். காற்று துளியும் குளிர்விக்காவிட்டாலும் 20 மணி நேரத்துக்கு மேலாகும். காற்று சும்மா இருக்குமா? மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்புவதே மின்னோட்டத்தையும் வெப்ப இழப்பையும் குறைக்கத்தானே! இதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன்.

மின்னோட்டத்தை 1,500 ஆம்பியராக்கினால்? ஐந்து மடங்கு மின்னோட்டம், இருபத்தைந்து மடங்கு வெப்பம். அதே பனி சுமார் 50 நிமிடத்தில் உருகும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1998 ஜனவரியில் உறைமழை பெய்து, பனியின் எடை தாங்காமல் கோபுரங்கள் சரிந்தன. லட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின. அதன்பின் அங்குள்ள லெவி துணைமின் நிலையத்தில் பனி உருக்கும் கருவி அமைத்தார்கள். மின்தடத்தை வழக்கமான பயன்பாட்டிலிருந்து விலக்கி, மறுமுனையில் கம்பிகளை ஒன்றாக இணைத்து, குறைந்த மின்னழுத்தத்தில் பெரும் நேர்மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். மாறுமின்னோட்டம் என்றால் கம்பியின் மின்தூண்டலும் தடுக்கும். அது மேல்நிலை வகுப்புப் பாடம். ஆக, நாம் இழப்பு என்று சொல்லித்தரும் வெப்பத்தை அங்கே வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள்.

மறுநாள் வகுப்பில் என் தவற்றைச் சொல்லிவிட்டுக் கணக்கை அவர்களையே போடச் சொன்னேன். பிறகு ஒரு நிக்ரோம் சுருளைப் பனிக்கட்டித் தூளில் புதைத்து, முதலில் இரண்டு மின்கலங்களையும், பிறகு அதே நேரத்துக்கு நான்கையும் தொடரிணைப்பில் இணைத்தோம். (வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்யவே கூடாது.) உருகிய நீரை அளந்தால் நான்கு மடங்கு வரவில்லை, மூன்று மடங்குகூட இல்லை. "ஏன் சார்?" என்று அதே மாணவி கேட்டாள். வகுப்பறைச் சூட்டிலும் பனி தானாக உருகும், மின்கலத்துக்கும் அக மின்தடை உண்டு என்று கரும்பலகையில் எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டது.