குடத்துக்கு "க்யூ" நின்ற ஊரில் மாடியில் கொய்யா!
வறட்சியில் செடிக்குக் கைகொடுக்கும் கழனித்தண்ணி

2019-ம் ஆண்டு கோடையை சென்னைவாசிகள் லேசில் மறக்கமாட்டார்கள். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய 4 ஏரிகளும் வறண்டு கட்டாந்தரை ஆயின. லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடியது. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் ரெயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது!

மொட்டைமாடியில் தோட்டம் போட்டிருந்தவர்கள் பாடுதான் பெரும் திண்டாட்டம். 2013-14-ல் மானிய விலையில் தென்னை நார்க்கழிவும் விதையும் தமிழக அரசு கொடுத்தது. ஆசை ஆசையாக வளர்த்த செடிகள் வாடின. ஊற்றவும் பயம். "மனுசனுக்கே தண்ணி இல்லே, செடிக்கு ஊத்துறாங்களே!" என்று பக்கத்து வீட்டில் பேச்சு வந்துவிடுமே!

இதற்கு ஒரே வழிதான் உண்டு. குழாய்த்தண்ணீர் ஒரு சொட்டுகூட செடிக்குக் கிடையாது. ஏற்கனவே ஒரு வேலையை முடித்த தண்ணீர்தான் மாடி ஏறவேண்டும்.

எது நல்லது?

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய கழனித்தண்ணி முதல் தரம். ஏ.சி. எந்திரத்தில் சொட்டும் நீரும் நல்லதுதான். அதில் உப்பு இல்லை. "ஆர்.ஓ." சுத்திகரிப்பு எந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரில் உப்பு அதிகம். அதை மட்டுமே ஊற்றி வந்தால் இலை ஓரம் கருகும். ஏ.சி. தண்ணீரில் கலந்து ஊற்றலாம். துணி துவைத்த சோப்புத்தண்ணீர் கீரைக்கு ஆகவே ஆகாது.

எதைக் காப்பது?

இருப்பது அரைவாளி என்றால், எல்லா செடிக்கும் பங்கு போடுவது தப்பு. எல்லாமே அரை உயிராகிப் போகும். முதல் பங்கு, டிரம்மில் நிற்கும் கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும். கத்தரி போனால், மறுபடி விதைத்து மூன்று, நாலு மாதத்தில் காய் பறிக்கலாம். கொய்யா போனால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அடுத்த பங்கு வெயில் தாங்கும் கொத்தவரைக்கு. அக்கினி நட்சத்திரத்தில் பூ உதிர்க்கும் தக்காளியை நம்பித் தண்ணீர் விடுவது வீண்.

வெயிலுக்கு மூடாக்கு

பொழுது சாய்ந்தபிறகு ஊற்றவேண்டும். பைக்கு மேலே காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் சீக்கிரம் ஓடாது. நார்க்கழிவு தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும். ஆனால் அடியோடு காயவிட்டால், ஊற்றுவது ஓரமாக வழிந்து ஓடிவிடும். அப்போது கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி ஊற்றவேண்டும்.

செலவு பெரிதாக இல்லை. சமையற்கட்டில் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாளி தனியாக வைத்தால் போதும். ஏரி வற்றும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே வைப்பது புத்திசாலித்தனம்.