கன்னியரும் சகோதரியரும்

தில்லி லோதி ரோடில் வாழும் நம்மவர்களுள் பலர், ஓக்லாவிலுள்ள ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்கு ஒரு முறையேனும் சென்றிருப்பர். அதனை நிறுவியவர்கள் மருத்துவப் பணிச் சகோதரியர் என்னும் கத்தோலிக்கத் துறவியர். இத்தகைய பெண் துறவியர் அனைவரையும் ‘கன்னியாஸ்திரீகள்’ என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். திருச்சபையோ அவர்களை இரு வகையினராகக் கொள்கிறது.

வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகள் இருசாராருக்கும் பொது. வாழும் முறையே வேறு. மடத்தின் மதிலுக்குள் தங்கிச் செபத்திலேயே வாழ்நாளைக் கழிப்பவர் மடத்துக் கன்னியர். பள்ளியிலும் மருத்துவமனையிலும் மக்களிடையே தொண்டு செய்பவர் சகோதரியர். பெயரைக் கொண்டு வகையை அறிதல் இயலாது. கார்மேல் சபையின் மூத்த கிளையினர் மடத்தை விட்டு வெளிவராதவர். தில்லி சாணக்கியபுரியில் கார்மேல் பெயரால் பள்ளி நடத்துவோரோ சகோதரியரே.

பழைய சட்டத்தில் வார்த்தைப்பாட்டின் கனமும் வேறுபட்டது. மடத்துக் கன்னியர் சொத்துரிமையையே துறந்தனர். சகோதரியர் உரிமையை விடாது, அதனைத் தம் விருப்பம்போல் பயன்படுத்துவதை மட்டும் துறந்தனர்.

1298-இல் எட்டாம் போனிபாஸ் என்னும் பாப்பரசர், கன்னியர் அனைவரும் மதிலுக்குள்ளேயே இருத்தல் வேண்டும் என ஆணையிட்டார். ஆதலின் வெளியே தொண்டு செய்த பெண்டிர், முழுத் துறவியராக ஏற்கப்பெறுவதற்கு நெடுங்காலம் காத்திருந்தனர். 1900-இல்தான் பதின்மூன்றாம் லியோ அவர்களுக்கு அந்நிலையைத் தெளிவுற வழங்கினார்.

அதன் பின்னரும் ஒரு தடை எஞ்சி நின்றது. வார்த்தைப்பாடு கொடுத்தவர் மருத்துவத் தொழில் செய்தலும் பிரசவம் பார்த்தலும் கூடா என்பது அக்காலத்து விதி. அதன் துன்பத்தை அனுபவித்தவர் நம் நாட்டுத் தாய்மார். பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில், கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்லார். பிள்ளைப் பேற்றில் மாண்டோர் பலர். ஆக்னஸ் மெக்லாரன் என்னும் ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவர், 1909-இல் ராவல்பிண்டியில் அவர்களுக்கென மருத்துவமனை நிறுவி, விதியைத் தளர்த்துமாறு உரோமாபுரியிடம் வேண்டிவந்தார். வேண்டுகோள் நிறைவேறுமுன் 1913-இல் மறைந்தார். 1920-இல் அங்கு வந்த ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல், 1925-இல் வாஷிங்டனில் மருத்துவப் பணிச் சகோதரியர் சங்கத்தைத் தொடங்கினார். சட்டப்படியான வார்த்தைப்பாடு கொடுத்தால் மருத்துவத்தைக் கைவிட நேரும். ஆதலின் அஃதின்றியே அவர்கள் கூடி வாழ்ந்தனர். 1936-இல் உரோமாபுரி தடையை நீக்கிற்று.

ஓக்லா மருத்துவமனை இந்நாளில் தில்லி உயர் மறைமாவட்டத்தின் பொறுப்பில் உள்ளது. அங்கே ‘சிஸ்டர்’ என்னும் அழைப்பு நம் செவியில் விழும்பொழுது, துறவும் மருத்துவமும் ஒருவரிடத்தே சேர்வதற்கு எத்தனை காலம் ஆயிற்று என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.