பெயரை அழித்தால் போதுமா?

கலியாணம் முடிந்து சம்பந்தி வீட்டார் புறப்பட்டுப் போனதும் வீட்டில் என்னவெல்லாம் மிஞ்சும்? மூட்டைத் தேங்காய், டின் நிறைய முறுக்கு, வாடகைப் பாத்திரக் கணக்கு, தீராத கால்வலி. இந்த வரிசையில் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. விருந்தாளிகளின் ஜாபிதாதான் அது. மற்றவை நாலு நாளில் தீர்ந்துவிடும். இது மட்டும் தீராது. நம் கண்ணிலும் படாது.

முன்னெல்லாம் ஜாபிதா என்றால் ஒரு நோட்டுப் புத்தகம். பெயர், விலாசம், பத்திரிகை அனுப்பியாயிற்று என்பதற்கு ஓர் அடையாளம். அவ்வளவுதான். கலியாணம் ஆனதும் மொய் நோட்டுடன் அதுவும் பீரோவுக்குள் போய்விடும். பீரோச் சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கும்.

இப்போதோ ஏற்பாடுகளைக் கவனிக்க ஒரு கம்பெனியை அமர்த்துகிறோம். அவர்களிடம் அதற்கென்றே ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. விருந்தாளிகளின் செல்போனுக்கு ஒரு படிவம் வருகிறது. எத்தனை பேர் வருகிறீர்கள், எந்த ரயில், என்று திரும்புகிறீர்கள், வெங்காயம் பூண்டு சேர்ப்பீர்களா, சர்க்கரை வியாதி உண்டா, சக்கர நாற்காலி வேண்டுமா, யாருடன் அறையைப் பகிர்ந்துகொள்வீர்கள்? எல்லாம் சௌகரியத்துக்காகத்தான். மாமாவுக்குச் சர்க்கரை இல்லாத பாயசம் வேண்டுமானால், சமையற்காரருக்கு விஷயம் தெரிந்துதானே ஆக வேண்டும்?

ஆனால் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு அந்தத் தகவல்களெல்லாம் எங்கே போகின்றன?

சற்று யோசித்துப் பாருங்கள். எந்த வீடு எந்தத் தேதியில் பூட்டிக் கிடக்கும் என்பது அதில் இருக்கிறது. யாருக்கு என்ன வியாதி என்பது இருக்கிறது. புருஷனின் கொடுமை தாங்காமல் பிரிந்து போய், எங்கோ தனியாக வசிக்கும் ஒரு பெண் இருக்கலாம். அவள் தன் புது விலாசத்தை உங்களை நம்பித்தான் கொடுத்தாள். முன்பின் தெரியாத கம்பெனியை நம்பியல்ல.

முழுவதையும் அழித்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. எத்தனை இலை விழுந்தது, எத்தனை அறை வாடகைக்கு எடுத்தார்கள் என்ற கணக்கு கம்பெனிக்கு வேண்டும். அடுத்த கலியாணத்துக்கு அரிசி அளப்பது அந்தக் கணக்கை வைத்துத்தானே? ஆகவே கணக்கை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மறைக்கும் வழி ஒன்று உண்டு. அடையாளம் நீக்குதல் என்று அதைச் சொல்லலாம்.

பெயரை எடுத்துவிட்டு 'விருந்தாளி 27' என்று போட்டால் அடையாளம் நீங்கிவிடுமா? பெண், வயது 81, ஊர் ஜாம்ஷெட்பூர், சக்கர நாற்காலி, உப்பில்லாத சாப்பாடு என்று அந்த வரியிலே இருந்தால் என்ன ஆகும்? உங்கள் குடும்பத்தில் யாரிடம் காட்டினாலும், "அடடே, நம்ம ஜாம்ஷெட்பூர் பாட்டி!" என்று சொல்லிவிடுவார்கள்.

குடும்பத்துக்குள்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில், 1990-களில், அரசாங்க ஊழியர்களின் மருத்துவ விவரங்களைப் பெயர் நீக்கி ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தார்கள். ஆனால் பிறந்த தேதி, ஆணா பெண்ணா, தபால் எண் ஆகியவற்றை விட்டுவைத்தார்கள். லடான்யா ஸ்வீனி என்ற மாணவி கேம்பிரிட்ஜ் நகரத்து வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கி, இரண்டையும் ஒத்துப் பார்த்தார். மாகாண கவர்னர் வில்லியம் வெல்ட் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் அந்த ஊரில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய தபால் எண்ணில் வசித்தவர் அவர் ஒருவரே! கவர்னரின் மருத்துவக் குறிப்பு மாணவியின் கைக்கு வந்துவிட்டது. அமெரிக்க மக்களில் சுமார் 87 சதவிகிதம் பேரை இந்த மூன்று விவரங்களாலேயே தனித்துக் காட்டிவிடலாம் என்று 2000-ல் அவர் மதிப்பிட்டார்.

போன் நம்பரை ஏதோ ரகசியக் குறியாக மாற்றிவிட்டோம் என்று சில கம்பெனிகள் சொல்லலாம். அதையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2014-ல் நியூயார்க் டாக்ஸிகளின் ஓட்டக் கணக்கு வெளியானபோது, வண்டி எண்களை இப்படித்தான் குறிகளாக மாற்றியிருந்தார்கள். இருக்கக்கூடிய எண்கள் எல்லாவற்றையும் அதே முறையில் மாற்றி ஒப்பிட்டு, ஒரு நிபுணர் இரண்டு மணி நேரத்துக்குள் குட்டை உடைத்துவிட்டார். பத்து இலக்கப் போன் நம்பரும் கம்ப்யூட்டருக்குப் பெரிய மலையல்ல.

சரியான வழி என்ன? பெயர், போன், விலாசம் மூன்றும் அடியோடு போக வேண்டும். வயது 81 என்பது 'அறுபதுக்கு மேல்' என்றும், ஜாம்ஷெட்பூர் என்பது 'வெளியூர்' என்றும் மாற வேண்டும். அதைவிட மேலானது, ஆளுக்கு ஒரு வரி வைக்காமல் 'உப்பில்லாத சாப்பாடு 14, சக்கர நாற்காலி 8' என்று மொத்தத்தை மட்டும் வைப்பது. ஒருவர், இருவர் மட்டுமே உள்ள இனங்களை 'இதர' என்பதில் சேர்த்துவிட வேண்டும்.

முக்கியமாக, 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். "நாத்தனாருடன் பேச்சு வார்த்தை இல்லை, ஒரே அறையில் போட வேண்டாம்" என்பது போன்ற ரத்தினங்கள் அங்கேதான் கிடக்கும். அந்தக் கட்டத்தை முழுவதும் காலி செய்வதே உத்தமம்.

2023-ல் நம் பார்லிமெண்டு நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், காரியம் முடிந்த பின் தகவலை அழிக்க வேண்டும் என்கிறது. ஏதேனும் சட்டம் வைத்திருக்கச் சொன்னால்தான் விலக்கு. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. சொந்த வீட்டு உபயோகத்துக்கு நாம் வைத்திருக்கும் ஜாபிதாவுக்கு இந்தச் சட்டம் இல்லை. தொழில் நடத்தும் கம்பெனிக்கு உண்டு.

ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். கலியாணம் முடிந்து எத்தனை நாளில் அடையாளத்தை நீக்குவீர்கள்? நீக்கிய பின் எந்தெந்த விவரம் மிஞ்சும்? கார் டிரைவருக்கும் ஓட்டலுக்கும் சமையற்காரருக்கும் அனுப்பிய நகல்களை யார் அழிப்பார்கள்? மூன்றாவது கேள்வியில்தான் பலர் விழிப்பார்கள். நாமும் நம் பங்குக்கு, வாட்ஸப்பில் உறவினருக்கெல்லாம் அனுப்பிய அறைப் பட்டியலைத் தேடி அழித்துவிட வேண்டும்.

கம்பெனிக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வாடகைப் பாத்திரத்தைக் கரண்டி உட்பட எண்ணித் திருப்பிக் கொடுக்கிற நாம், பாட்டியின் வியாதியையும் அந்தப் பெண்ணின் விலாசத்தையும் மட்டும் கணக்குக் கேட்காமல் விட்டுவிடலாமா?