கயிறு மாற்றிக் கொடுத்த வியாபாரி

வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடியவர், எட்டு யானைகள் தாங்கும் இந்திர விமானத்தின் கீழ் எழுந்தருளியிருப்பவர், பாண்டிய நாட்டுக்கே முடிசூடி அரசாண்டவர் என்றெல்லாம் ஒரு பக்கம் போற்றிக்கொண்டே, அதே தெய்வத்தை வளையல் விற்கும் செட்டியாராகவும், அழுக்குத் துணி உடுத்த விறகாளாகவும், ஊர் பேர் தெரியாத குதிரை வியாபாரியாகவும், கூலியை முன்னதாகவே வாங்கித் தின்றுவிட்டு வேலை செய்யாமல் படுத்துறங்கிய வேலையாளாகவும், செம்பைப் பொன்னாக்கித் தருகிறேன் என்று வாசலில் வந்து நின்ற இரசவாதியாகவும் கொண்டாடுகிற நகரம் மதுரையைப்போல் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

தம் பேராற்றலை மறைத்துக்கொண்டு சுந்தரேசுவரர் மதுரை வீதிகளில் நடமாடிய இந்த லீலைகளைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணமாக, மூன்று காண்டங்களில் 64 படலங்களும் 3363 பாடல்களுமாகப் பாடிவைத்திருக்கிறார். அவருக்கு முன்னரே பெரும்பற்றப்புலியூர் நம்பி பாடிய நூலை உ. வே. சாமிநாதையர் 1906ஆம் ஆண்டில் பதிப்பித்துத் தந்தார். இந்திரன் பழி தீர்ந்ததும் கடல் சுவற வேல் விட்டதும் போன்ற பெரிய காரியங்களும் இவற்றில் உண்டு. ஆயினும் ஜனங்களின் நெஞ்சில் தங்கியவை தெருவில் நடந்த கதைகளே. ஆவணி மூலத் திருவிழாவில் வருஷந்தோறும் நடத்திக் காட்டப்படுகிறவற்றில் மாணிக்கம் விற்றது, வளையல் விற்றது, நரியைப் பரியாக்கியது, பிட்டுக்கு மண் சுமந்தது, விறகு விற்றது ஆகிய ஐந்தும் வியாபாரமோ கூலியோ சம்பந்தப்பட்டவை என்பதைக் கவனித்தால், இந்த ஊர் தன் கடவுளை எந்த இடத்தில் பார்க்க ஆசைப்பட்டது என்பது விளங்கும்.

வைகைக் கரையின் இந்தச் சமவெளி வியாபாரத்தோடு சூதாட்டத்தையும் வெகு காலமாக அறிந்த பூமி. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் மண்ணைத் தோண்டியபோது பானை ஓடுகளோடும் பாசிமணிகளோடும் விளையாட்டுச் சில்லுகளும் பகடைக் காய்களும் வெளிவந்தன. தந்தத்தில் இழைத்த பகடையும் அவற்றுள் ஒன்று. சூதில் முதலில் கிட்டும் வெற்றி மீன் விழுங்கிய தூண்டில் போன்றது என்று வள்ளுவர் எச்சரித்த அந்தத் தூண்டிலைத்தான், திருவிழாக் கூட்டத்தில் துண்டை விரித்து மூன்று சீட்டுப் போடுகிறவன் இன்றும் வீசுகிறான். முதலில் தன் கையாளை ஜயிக்கவிட்டு, பார்த்து நிற்பவனுக்கு ஆசையை மூட்டி, அவன் மடியிலிருப்பது முழுவதும் துண்டின்மேல் வந்த பிறகே தன் கைவரிசையைக் காட்டுவது அவனுடைய சாமர்த்தியம்.

இந்தச் சாமர்த்தியத்தையே பக்திக்குப் பயன்படுத்திய ஒருவரைச் சேக்கிழார் அறுபத்துமூவரில் ஒருவராக நமக்குக் காட்டுகிறார். திருவேற்காட்டு வேளாளரான மூர்க்க நாயனார், அடியார்களுக்கு அமுதிட்டே தம் நிலபுலன்களை எல்லாம் இழந்தபின், இளமையில் கற்ற சூதையே தொழிலாகக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, கடைசியில் குடந்தை நகரை அடைந்தார். முதல் ஆட்டத்தில் தாம் தோற்று, பந்தயப் பொருளை எதிராளிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்தடுத்த ஆட்டங்களில் தொடர்ந்து வென்று பெரும்பொருள் குவித்தார். தோற்றபின் கொடுக்க மறுத்தவனைச் சுரிகையை உருவிக் குத்தவும் தயங்கவில்லை. நல்ல சூதர் என்ற பெயரும் மூர்க்கர் என்ற பெயரும் ஒருவருக்கே வந்து சேர்ந்தது இப்படித்தான். வென்ற பொருளை அவர் தம் கையால் தீண்டவில்லை என்பதையும், சமையற்காரர்களிடம் சேர்ப்பித்து அடியார்கள் உண்ட பின்னரே கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார் என்பதையும் சேக்கிழார் மறக்காமல் சொல்லுகிறார். தொண்டன் இப்படி இருக்க, அவன் தொழுத தலைவன் எப்படி இருந்தான் என்பதை மதுரையில்தான் பார்க்க வேண்டும்.

மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் வழியில், வைகையின் கரையில் இருக்கிறது திருப்பூவணம். அந்த ஊரில் பொன்னனையாள் என்ற ஆடல் மகள் ஒருத்தி இருந்தாள். பூவணநாதர் சந்நிதியில் ஆடிப் பெற்ற பொருளையெல்லாம் அடியார்க்கு அன்னமிட்டே செலவழித்தவளுக்கு, இறைவனுக்குப் பொன்னால் ஒரு திருவுருவம் சமைக்க வேண்டும் என்ற ஆசை வந்தது; ஆசைக்கு ஏற்ற பொன் மட்டும் இல்லை. ஒருநாள் அடியார்களோடு அடியாராக ஒரு சித்தர் வந்தார். மற்றவர்கள் உள்ளே சென்று பந்தியில் உட்கார, இவர் மட்டும் புறத்திலேயே இருந்துவிட்டார். அவள் வந்து வணங்க, வாட்டத்தின் காரணத்தை விசாரித்தறிந்தவர், வீட்டிலுள்ள செம்பு, பித்தளை, ஈயம், இரும்புப் பாத்திரங்கள் அத்தனையையும் கொண்டுவரச் சொல்லி, அவற்றின்மேல் திருநீற்றைத் தூவி, இரவில் தீயிலிட்டால் எல்லாம் பொன்னாகும் என்றார்.

இந்த இடத்தில் சற்று நிற்கத்தான் வேண்டும். நகைக்கு மெருகு போட்டுத் தருகிறேன், இருக்கிற பவுனை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று பெண்கள் தனியே இருக்கும் வீடுகளில் நுழைந்து, சட்டியில் எதையோ போட்டு மூடி, விடிந்தபின் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறவனுக்கும் இந்தச் சித்தருக்கும் வெளித் தோற்றத்தில் என்ன வித்தியாசம்? இனிய பேச்சு, பழைய பாத்திரங்கள், நெருப்பு, இரவு வரை பொறுத்திருக்கச் சொல்லும் தந்திரம் எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. இரவு இங்கேயே தங்கியிருந்து இரசவாதத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று பொன்னனையாளும் கேட்டுப் பார்த்தாள். தாம் மதுரையில் இருக்கும் சித்தர் என்று மட்டும் தெரிவித்துவிட்டு அவர் மறைந்துவிட்டார். அவள் ஏமாந்துவிட்டாள் என்றே அக்கம்பக்கத்தார் நினைத்திருப்பர். ஆனால் நெருப்பிலிட்ட பாத்திரங்கள் மாற்றுக் குறையாத பொன்னாயின. அந்தப் பொன்னில் வார்த்த திருவுருவத்தின் அழகைக் கண்டு தாளமாட்டாமல் பொன்னனையாள் கன்னத்தைக் கிள்ளினாள் என்றும், அந்த நகக்குறி இன்னும் இருக்கிறது என்றும் திருப்பூவணத்தார் பெருமையோடு சொல்வார்கள். ஏமாற்றுக்காரனின் சடங்குகளை ஒன்று விடாமல் செய்து, முடிவை மட்டும் தலைகீழாக மாற்றிவிட்ட இந்த 36ஆம் படலத்தைப்போல் எனக்குப் பிடித்த படலம் புராணத்தில் இன்னொன்றில்லை.

வளையல் விற்ற கதையிலும் இதே போக்குத்தான். தாருகாவனத்தில் பிக்ஷாடனராகச் சென்றபோது முனிபத்தினிகளின் கைவளைகள் கழன்று விழக் காரணமாயிருந்தவர், கணவர்களின் சாபத்தால் அவர்கள் மதுரையில் வணிகப் பெண்களாகப் பிறந்தபின், வளையல் கோத்த கயிற்றைத் தாங்கி வணிக வீதிக்கு வந்து, கைப்பிடித்து வளையிட்டார். விலை என்ன என்று கேட்டதற்கு, நாளை வாங்கிக்கொள்கிறேன் என்று கூறிக் கோயிலுக்குள் சென்று மறைந்தார். ஏய்க்கிறவன் பணத்தை எடுத்துக்கொண்டு மறைவான். இவர் சரக்கைக் கொடுத்துவிட்டு மறைந்தார். விறகு விற்றபோதோ, வடநாட்டிலிருந்து வந்து பாணபத்திரரை இசைச் சவாலுக்கு இழுத்த ஏமநாதனின் திண்ணையில் விறகுக்கட்டை இறக்கி வைத்து, பழைய யாழை மீட்டிச் சாதாரிப் பண் பாடி, பாணபத்திரரிடம் இசை பயின்று, தகுதியில்லை என்று தள்ளப்பட்டவன் நான் என்று ஒரு வார்த்தை சொன்னார். தள்ளப்பட்டவனே இப்படிப் பாடினால் குரு எப்படிப் பாடுவார் என்று நடுங்கிய ஏமநாதன் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடினான். கையில் சீட்டே இல்லாமல் பந்தயத்தை வென்ற ஆட்டம் அது.

எல்லாவற்றிலும் பெரிய பேரம் குதிரை பேரம். மதுரைக்கு அருகிலுள்ள திருவாதவூரில் பிறந்து பாண்டியனின் அமைச்சரான வாதவூரர் (மாணிக்கவாசகர்), குதிரை வாங்கக் கொண்டுசென்ற பொன்னைத் திருப்பெருந்துறையில் குருநாதரைக் கண்ட பரவசத்தில் திருப்பணிக்குச் செலவிட்டுவிட்டார். பாண்டியர்க்குக் குதிரை என்பது அற்ப விஷயமன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல்வழியாக வந்திறங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பகுதி மடிவதையும் எழுதியிருக்கிறார். கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியனின் கஜானாவே விலை கொடுக்கும் ஏற்பாடு இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் கூறுகிறார். ஆகக் குதிரை வாங்குவதே அரசனுக்கு ஒரு சூதாட்டமாக இருந்த நாட்டில்தான், நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிக்கொண்டு ஒரு வியாபாரி வந்தான். ஒவ்வொரு குதிரையின் நடையையும் சுழியையும் புகழ்ந்து சொல்லி, அரிமர்த்தன பாண்டியனை மகிழ்வித்து, வியாபார மரபுப்படி கயிறு மாற்றிக் கொடுத்தான். கயிறு கைமாறியபின் நேர்வதற்கெல்லாம் வாங்கியவனே பொறுப்பு. நள்ளிரவில் குதிரைகள் நரிகளாகிப் பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின.

இதில் பாண்டியன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. படைக்காகக் கொடுத்த பொன் போயிற்று, லாயத்திலிருந்த குதிரைகளும் போயின. பக்தியின் பெயரால் இதை எளிதாகக் கடந்துவிடுகிறவர்கள் அடுத்த படலத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வாதவூரரைச் சுடுமணலில் நிறுத்தியபோது வைகை பெருகி வந்தது. கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று ஆணை பிறந்தது. பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கு ஆளில்லை. உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசிக்கொண்டு ஒருவன் வந்தான்; அன்றைக்குப் பார்த்து வந்தியின் பிட்டெல்லாம் உதிர்ந்தன. உண்டான், பாடினான், மண்ணைச் சுமந்து கொட்டுவதுபோல் கொட்டாமல் கூடையோடு விளையாடினான், மரநிழலில் உறங்கினான். பொற்பிரம்பால் பாண்டியன் அவன் முதுகில் ஓங்கி அடித்தான். அந்த அடி அரசன்மேலும் அரசிமேலும் அமைச்சர்மேலும், ஊரில் உயிருள்ள எல்லாவற்றின்மேலும் பட்டது. ஒரு கூடை மண்ணைக் கொட்டிக் கரையை அடைத்துவிட்டு ஆள் மறைந்தான். நரிக் குதிரை விற்றவனும் இவனே ஆதலால், முதல் நாள் பேரத்தில் அரசனுக்குப் பட்ட கடனை மறுநாள் தன் முதுகால் தீர்த்தான் என்றே நான் இதைப் படிக்கிறேன். அதே சமயம், ஏழைக் கூலியாளை அடிக்கும் அதிகாரம் யாரை அடிக்கிறது என்பதையும் பாண்டியனுக்கு உணர்த்திவிட்டான்.

பலத்தை மறைத்துக்கொண்டு சாதாரண மனிதனாக உலவும் வீரனை மேல்நாட்டார் 1938இல் சூப்பர்மேன் என்ற சித்திரக் கதையில் படைத்தார்கள். மதுரைக்குத் தெற்கே சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறையும் இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ச் சிறுவர்களின் கையில் கொடுத்தது. அந்த வீரர்கள் ஆபத்து வந்ததும் சாதாரண வேஷத்தைக் களைந்துவிட்டுப் பலத்தோடு நிற்பார்கள். மதுரைக் கூலியாள் வேஷத்தைக் களையாமலே அடியை வாங்கிக்கொண்டான். இதுவே பெரிய வேறுபாடு. 1965இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த ‘திருவிளையாடல்’ படத்தில் சிவாஜி கணேசன் விறகாளாக வந்தபோது கிராமங்களிலும் கொட்டகைகள் நிறைந்ததற்கு, நடிப்போடும் இசையோடும், இந்தக் கதையைப் பாட்டிமார் வாயிலாக முன்பே கேட்டிருந்த ஜனங்களின் பாசமும் காரணம்.

ஆவணி மாதம் மதுரைக்கு வருகிறவர்கள் மூல நட்சத்திரத்தன்று ஆரப்பாளையம் பக்கத்திலுள்ள புட்டுத்தோப்புக்குப் போக வேண்டும். திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூர் மாணிக்கவாசகரும் அன்று அங்கே எழுந்தருளுவார்கள். மண் சுமந்த லீலை நடந்து முடிந்ததும் பிட்டு பிரசாதம் கிடைக்கும். போகுமுன் ந. மு. வேங்கடசாமி நாட்டார் உரையோடு திருவாலவாய்க் காண்டத்தின் மண் சுமந்த படலத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். நேரமிருப்பவர்கள் திருப்பூவணத்துக்கும் ஒரு பேருந்து ஏறி, பொன்னனையாள் கிள்ளிய கன்னத்தைத் தரிசித்து வாருங்கள்.