இணையத்தை இயக்கும் ஈவும் மீதியும்: தெரியுமா?

பள்ளியில் போட்ட வகுத்தல் கணக்கு நினைவிருக்கிறதா? உலகத்துக் கணினிகள் எல்லாம் தெரு மாறாமல், வீடு மாறாமல் பேசிக்கொள்வது அந்தக் கணக்கால்தான்!

தெரியுமா? இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் ஐபி முகவரி புள்ளி வைத்த நான்கு எண்களாகத் தெரிந்தாலும், உள்ளே அது 32 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) கொண்ட ஒரே எண்! இந்த வகையில் மொத்தம் 4,29,49,67,296 முகவரிகள் உண்டு!

தெரியுமா? 192.168.1 என்று தொடங்கும் நெட்வொர்க்கில் 256 முகவரிகள். அலுவலகத்தில் நான்கு துறைகளா? 256 ÷ 4 = 64. துறைக்கொரு சப்நெட், அதாவது நெட்வொர்க்கின் உட்பிரிவு! ஆனால் ஒவ்வொன்றிலும் முதல் எண் அந்த சப்நெட்டையே குறிக்கும். கடைசி எண் எல்லாரையும் ஒருசேர அழைக்கும் பிராட்காஸ்ட். கணினிகளுக்குக் கிடைப்பது 62தான்!

தெரியுமா? 192.168.1.150 எந்த சப்நெட்டில் இருக்கிறது என்று நொடியில் சொல்லலாம்! 150-ஐ 64-ஆல் வகுங்கள். ஈவு 2, மீதி 22. இரண்டு 64 என்றால் 128. ஆக, 128-இல் தொடங்கும் சப்நெட். அதற்குள் 22ஆம் எண்!

இதைவிட அதிசயம், தகவலுக்கு வழிகாட்டும் ரவுட்டர் இந்த வகுத்தலைச் செய்வதே இல்லை! 150-ஐ இரும எண்ணில் எழுதினால் 10010110. முதல் இரண்டு இலக்கம் 10, அதாவது 2: ஈவு! கடைசி ஆறு இலக்கம் 010110, அதாவது 22: மீதி! விடை எண்ணுக்குள்ளேயே எழுதியிருக்கிறது! எந்த இடத்தில் வெட்டுவது என்று காட்டுவதுதான் 255.255.255.192 என்ற சப்நெட் மாஸ்க். அதனால்தான் 64, 128 என்று இரண்டின் அடுக்குகளாகவே பிரிக்க முடியும். மூன்று சம பங்கு? முடியவே முடியாது!

தெரியுமா? ஒரு காலத்தில் நிறுவனங்களுக்குக் கிடைத்தவை மூன்றே அளவுகள்: 256, 65,536, 1,67,77,216! 300 கணினி வைத்திருப்பவருக்கு 256 போதாது. அடுத்த அளவோ 65,536! நிறுவனம் தன் பங்கை உள்ளுக்குள் பிரித்துக்கொள்ளும் முறை 1985-இல் தரப்படுத்தப்பட்டது. மூன்று அளவு என்ற கட்டுப்பாடே 1993-இல் உடைந்தது!

தெரியுமா? 2011 பிப்ரவரி 3 அன்று இந்த முகவரிகளின் உலகக் கையிருப்பில் மிஞ்சியவை ஐந்தே பெருந்தொகுதிகள். முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் வட்டாரப் பதிவகங்களும் ஐந்து! ஆளுக்கு ஒன்று, மீதி பூஜ்யம்!

புதிய ஐபிவி6 முகவரி முறையில் வழக்கமான ஒரு சப்நெட்டின் அளவு என்ன? மேலே சொன்ன 429 கோடிச் சொச்சத்தை அதே எண்ணால் பெருக்குங்கள், அவ்வளவு!

வகுத்தல் எதற்கு என்று கேட்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், 150 ÷ 64-ஐ இன்றே போட்டுக் காட்டுங்கள்!